கம்பெனி வாசலில் நிற்கும் நாளைப்போவார்கள்

சிதம்பரத்தில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வணிக மேலாண்மை படிக்கும் மாணவர்கள் சிலர் வருகிறார்கள். சென்ற மாதம் அவர்களுடைய வகுப்பை 'ஐ.வி.'க்கு அழைத்துப் போனார்கள். இண்டஸ்ட்ரியல் விசிட் என்பதை மாணவர்கள் அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள். காலையில் பேருந்து ஏறி, கடலூர் சாலையில் சிப்காட் ஆலை ஒன்று, பிறகு நகரத்தில் ஓர் அலுவலகம், மாலையில் சில்வர் பீச், இரவு வீடு. படிப்பு முடித்தால் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று பிள்ளைகள் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம்.

எப்படி இருந்தது என்று கேட்டோம். ஒரு தங்கை சொன்னாள்: "நல்லாத்தான் இருந்துச்சுண்ணா. ஏசி ரூம்ல உட்கார வச்சு படம் போட்டுக் காட்டுனாங்க. டீ, பிஸ்கட் குடுத்தாங்க. வெளிய வரும்போது எங்க சித்தப்பாவப் பாத்தேன். டிரம் உருட்டிக்கிட்டு இருந்தாரு. என்னப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

"நீ கூப்பிட்டியாம்மா?"

"இல்லண்ணா."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்த மனிதர் தன் வேலைக்கு வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நாங்கள் நினைக்கவில்லை. அண்ணன் மகள் நல்ல உடை உடுத்தி, கழுத்தில் அட்டை மாட்டி, மேலாளர்களோடு நடந்து வருகிறாள். தான் கூப்பிட்டால் அவள் எந்தத் தெருப் பிள்ளை என்பது கூட வந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். அவளுக்காகத்தான் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரே வாசல். ஒருவர் உள்ளே ஒப்பந்தக் கூலி, ஒருவர் விருந்தாளி. இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. இந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் இளம் தோழர்களோடு நாங்கள் பேச விரும்புகிறோம்.

பேருந்தில் ஏறாதவர்கள்

போய் வந்தவர்கள் கதை இது. போகாதவர்கள் கதை வேறு. அந்த வகுப்பில் யார் யார் வரவில்லை என்று கேட்டோம். பெயர்களைச் சொல்லச் சொல்ல, பெரும்பாலும் நம் தெருக்களாகவே இருந்தன. ஒருவன் அன்று வயற்காட்டு வேலைக்குப் போயிருந்தான். ஒருத்திக்கு வீட்டில் அனுப்பவில்லை. இன்னொருவன் சொன்ன காரணம்: "ஷூ இல்லண்ணா. ஃபார்மல்ஸ்ல வரணும்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் போய்க்கலாம்."

அடுத்த வருஷம். நாளைக்கு. சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தச் சொல்லைக் கேட்கும்போது நந்தன் நினைவுக்கு வராமல் இருப்பானா? பெரியபுராணம் அவருக்குத் தந்த பெயரே திருநாளைப்போவார். தில்லைக்குப் போக வேண்டும், நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே நாட்களைத் தள்ளியவர். ஆண்டையின் வயல் வேலை முடியாமல் அவரால் கிளம்ப முடியவில்லை என்று பின்னால் வந்த நந்தனார் சரித்திரக் கீர்த்தனை சொல்லியது. கடைசியில் அவர் வந்து சேர்ந்தபோதும் நேராக உள்ளே விடவில்லை. நெருப்பில் இறங்கி வரச் சொன்னார்கள். பக்திக் கதையாக இதைச் சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நமக்கு இது வாசலைப் பற்றிய கதை. வாசலுக்கு வர முடியாதபடி ஒரு தடை, வந்துவிட்டால் உள்ளே போக ஒரு நெருப்பு.

அந்தப் பெயரிலேயே 1916இல் சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நெருப்பில் இறங்க வேண்டாம், பள்ளிக்கூடத்தில் ஏறுங்கள் என்பதுதான் அவர் செய்த வேலையின் பொருள். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1929இல், இதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. நம் தாத்தா பாட்டி காலத்துப் பிள்ளைகள் இந்தப் பள்ளியில் எழுத்துக் கற்றார்கள். இன்றைய பிள்ளைகள் பட்டம் படிக்கிறார்கள். கல்விக்கூடத்தின் வாசல் ஓரளவு திறந்துவிட்டது. அடுத்த வாசல் கம்பெனி வாசல். அங்கே நம் பிள்ளைகள் இன்னும் நாளைப்போவார்கள்தான்.

ஐ.வி. என்பது ஊர் சுற்றல், காசு இருப்பவர்கள் போகட்டும் என்று நினைக்கும் பேராசிரியர்கள் உண்டு. அரசே அப்படி நினைக்கவில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், தொழிற்படிப்பு மாணவர்களின் கல்விப் பயணச் செலவுக்கு ஆண்டுக்கு 1,600 ரூபாய் வரை தரலாம் என்று தனியாகவே ஒரு வரி இருந்தது. பயணமும் பாடத்தின் பகுதி என்று அரசு ஒப்புக்கொண்டது என்பதுதான் இதன் பொருள். பாடத்தின் பகுதியென்றால் அதைக் காசு கொடுத்து வாங்கும்படி மாணவரிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஒரு ஷூ இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் பாடம் தவறிப்போகிறது என்றால், அந்தத் துறைத் தலைவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வாசலோடு நின்றுபோன இடஒதுக்கீடு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதி மக்கள் சுமார் 29 விழுக்காடு. தமிழ்நாட்டிலேயே நம் மக்கள் அடர்ந்து வாழும் மாவட்டங்களில் இது ஒன்று. இதே மாவட்டத்தில்தான் 1842இலேயே சர்க்கரை ஆலை கண்ட நெல்லிக்குப்பம் இருக்கிறது. 1956இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனம் இருக்கிறது. உப்பனாற்றங்கரையில் குடிகாடு, பச்சையாங்குப்பம், செம்மங்குப்பம் என்று கிராமங்களை ஒட்டி சிப்காட்டின் ரசாயன ஆலைகள் இருக்கின்றன. தொழில் இல்லாத மாவட்டம் அல்ல இது. நம் ஆட்கள் அந்த ஆலைகளில் இல்லாமலும் இல்லை. கேள்வி, எந்த வேலையில் இருக்கிறார்கள் என்பது. அலுவலக அறைகளில் எத்தனை பேர், டிரம் உருட்டுமிடத்தில் எத்தனை பேர், தொட்டி கழுவுமிடத்தில் எத்தனை பேர்?

நெய்வேலி பொதுத்துறை. அங்கே நேரடி நியமனத்துக்கு இடஒதுக்கீடு உண்டு. ஆனால் அங்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டுப் பல்லாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுத்தால் இடஒதுக்கீட்டுப் பட்டியல் அந்த வேலைக்குப் பொருந்தாமல் போகிறது. தனியார் ஆலையில் அந்தப் பட்டியலே கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 16(4) அரசுப் பணியோடு நின்றுவிடுகிறது.

தனியாரைத் தொடவே முடியாது என்பதும் உண்மையல்ல. 2005இல் கொண்டுவந்த 93ஆவது திருத்தம் தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு செய்ய வழி திறந்தது. 2014இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. படிக்கும் இடத்தில் முடிந்தது, வேலை செய்யும் இடத்தில் ஏன் முடியாது? 2006இல் ஒன்றிய அரசு இதைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது முதலாளிகள் சங்கங்கள் ஓடி வந்து, சட்டம் வேண்டாம், நாங்களே மனமுவந்து செய்கிறோம் என்றன. மனமுவந்து செய்ததன் விளைவை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாட்டின் முதல் 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை எடுத்துச் சாதிவாரியாகப் பார்த்தார்கள். 90 விழுக்காட்டுக்கு மேல் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடு.

"அது திறமை" என்பார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர்தான் வேறு. உயர்சாதிப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2007இல் வெளிவந்த ஆய்வு இது. இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை, காகிதத்தில் பெயர் மட்டும்தான். அதற்குள் திறமை எங்கிருந்து அளக்கப்பட்டது?

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று நாம் பெருமைப்படுகிறோம். பெருமைதான். அதனால் இங்கே கேள்வி வேறு விதமாக வரும். "எந்த ஊரு தம்பி?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "அப்பா என்ன பண்றாரு?" எங்கள் வட்டத்தில் இந்த மூன்று கேள்விகளையும் சந்திக்காதவர் ஒருவர்கூட இல்லை. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் முகவரியிலிருந்து எடுத்த சொல்லை நேர்காணல் அறையில் வாயால் கேட்டு வாங்குகிறார்களே, அதை யார் நீக்குவது? அதே 2007இல் தில்லி வட்டார நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளிடம் பேசிய ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் இதைத்தான் பதிவு செய்தார்கள்: தகுதி ஒன்றைத்தான் பார்க்கிறோம் என்று சொல்லும் அதே அதிகாரிகள், குடும்பப் பின்னணி மிக முக்கியம் என்றும் சொன்னார்கள். குடும்பப் பின்னணி என்பது சாதிக்குப் போட்டிருக்கும் கோட்டு சூட்டு.

நாற்றமும் சம்பளமும்

ஒரு தோழர் எங்களிடம் கோபமாகவே கேட்டார்: "சிப்காட்டால ஆறு செத்துப்போச்சு, ஊரே மூச்சு முட்டுது. அங்க போயி வேலை கேக்கச் சொல்றீங்களா?"

நியாயமான கேள்வி. சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் போகிறவர்கள் சிப்காட் வந்துவிட்டதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்கள். நாற்றம் சொல்லிவிடும். 2004இல் அந்தக் கிராமத்து மக்களே தங்கள் ஊர்க் காற்றை வாளியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் என்னென்ன நச்சு இருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டார்கள். 2021 மே 13 அன்று அங்கே ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நடந்த வெடிவிபத்தில் நான்கு பேர் செத்துப்போனார்கள். இவையெல்லாம் ஐ.வி.யில் காட்டும் படங்களில் வராது.

ஆனால் இதையும் யோசியுங்கள். வாயு கசியும்போது முதலில் மூச்சு முட்டுவது வாசலுக்கு உள்ளே டிரம் உருட்டுபவருக்கு. அடுத்து, வேலிக்கு வெளியே குடியிருப்பவருக்கு. எந்த வால்வை மாற்ற வேண்டும், எதற்குச் செலவு செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்று முடிவு செய்யும் அறையில் இந்த இருவருடைய பிள்ளைகளும் இல்லை. இடர்ப்பாடு நம்முடையது, முடிவு அவர்களுடையது. நாம் அந்த அறைக்குள் போவதாலேயே ஆறு சுத்தமாகிவிடும் என்று சொல்லவில்லை. உள்ளே போகிற நம் ஆளும் சம்பளத்துக்கு வாய் மூடிக்கொள்ளலாம். அதனால்தான் வெளியே இயக்கம் வேண்டும். ஆனால் உள்ளே யாருமே இல்லாத இயக்கம், கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் கடன்காரனோடு வாதாடுவதைப் போன்றது.

இன்னொன்று. சிப்காட் என்பது 1971இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நிறுவனம். மக்களிடமிருந்து நிலத்தைக் கையகப்படுத்தி, சாலை போட்டு, தண்ணீரும் மின்சாரமும் கொண்டுவந்து கம்பெனிகளுக்குத் தருவது அரசு. நிலம் பொது, தண்ணீர் பொது, சலுகை பொது. வேலை என்று வரும்போது மட்டும் எப்படி அது தனியார் ஆகிறது? இந்தக் கேள்வியை மேடையில் நாம் கேட்டாயிற்று. வணிகம் படிக்கும் மாணவர்கள் கேட்கும்போது அதன் எடை வேறு.

பாபாசாகேப் ஒரு வணிகக் கல்லூரிப் பேராசிரியர்

இங்கே எங்கள் மீதே ஒரு குற்றச்சாட்டு வைக்க வேண்டியிருக்கிறது. சட்டம் படி என்றோம். டி.என்.பி.எஸ்.சி. எழுது என்றோம். வணிகவியலும் மேலாண்மையும் படிக்கும் நம் பிள்ளைகளை இயக்கம் கண்டுகொள்ளவே இல்லை. அது ஏதோ செட்டியார் வீட்டுப் படிப்பு என்பதுபோல விட்டுவிட்டோம்.

பாபாசாகேப் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்தது பொருளாதாரம். 1918இல் அவர் பேராசிரியராகச் சேர்ந்தது பம்பாயின் சைடன்ஹாம் வணிகக் கல்லூரியில். அதற்கு முந்தைய ஆண்டு பரோடாவில் அரசுப் பணிக்குப் போனபோது தங்க ஓர் அறை கிடைக்காமல் ஊரை விட்டே திரும்பினார். பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றுபோனது. பேராசிரியரான பிறகும், பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதை உடன் பணிபுரிந்தவர்கள் எதிர்த்தார்கள். 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றி நூல் எழுதியவருக்கு நடந்தது இது. அரசு வேலை, சொந்தத் தொழில், கல்லூரி என்று மூன்று வாசலிலும் ஒரே நெருப்பு. அவர் மூன்றையும் விட்டுவிட்டு மூலையில் உட்காரவில்லை. நெருப்பை மூட்டுகிறவர்களைக் கேள்வி கேட்டார். வணிகம் படிக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் படிப்பது அவர் கற்பித்த பாடம்.

அடுத்த ஐ.வி.க்குப் போகும் முன்

குறை சொல்லிவிட்டு எழுந்துபோவதில் பயனில்லை. எங்கள் வட்டத்தில் பேசி முடிவு செய்தவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, ஒருவரும் விடுபடக் கூடாது. ஐ.வி. அறிவிப்பு வந்த அன்றே வகுப்பில் யாருக்குக் காசு இல்லை, யாருக்கு உடை இல்லை, யார் வீட்டில் பேச வேண்டும் என்று கணக்கெடுங்கள். செலவைத் துறையே ஏற்க வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். கடிதத்தின் நகலைக் கல்லூரியின் எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கும் அனுப்புங்கள். அப்படி ஒரு பிரிவு இருப்பது தெரியாமலேயே மூன்றாண்டுகள் படித்து முடிப்பவர்கள் நம்மில் அதிகம்.

இரண்டாவது, கேள்வியோடு போங்கள். நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர்? சுற்றியுள்ள ஊராட்சிகளிலிருந்து அலுவலகப் பணியில் எத்தனை பேர்? பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்கிறதா? விபத்து நடந்தால் பக்கத்து ஊருக்கு எப்படித் தகவல் சொல்வீர்கள்? போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோதே, அபாயத் தகவலைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் சொல்வது ஆலையின் கடமை ஆக்கப்பட்டது. எனவே இது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. மேலாண்மை படிப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

மூன்றாவது, 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தைப் படியுங்கள். நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி அதில் இருக்கிறது. அதன் 3ஏ பிரிவு, குறிக்கப்பட்ட தொழிற்பிரிவுகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வேலை கொடுப்பவர் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்கிறது. தனியாருக்கும் இது பொருந்தும். 2014இல் வந்த திருத்தம் பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கும் பயிற்சிக் கதவைத் திறந்தது. 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். தனியாரில் இடஒதுக்கீடு இல்லை என்று புலம்பும் நாம், இருக்கிற இந்தச் சிறு சந்தையும் கேட்டு வாங்கியதில்லை. "உங்கள் நிறுவனத்தில் எத்தனை அப்ரண்டிஸ்கள்? அதில் எங்கள் இடம் எத்தனை?" என்று ஒவ்வொரு ஐ.வி.யிலும் கேட்டால் போதும், அடுத்த ஆண்டு பதிலோடு உட்கார்ந்திருப்பார்கள்.

நான்காவது, எங்கே அழைத்துப் போக வேண்டும் என்பதையும் நாம் சொல்ல வேண்டும். பொதுத்துறை வங்கி, கூட்டுறவு ஆலை, மாவட்டத் தொழில் மையம், தாட்கோ அலுவலகம் இவையும் வேலை வாய்ப்பைக் கற்றுத்தரும் இடங்கள்தான். 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. சம்பளம் வாங்குவது மட்டுமா வேலை? சம்பளம் கொடுப்பவராகவும் நம் பிள்ளைகள் வரட்டும்.

கடைசியாக ஒன்று. அந்தத் தங்கை அடுத்த வாரமும் வட்டத்துக்கு வந்தாள். ஐ.வி. முடிந்த அன்று இரவு தூக்கம் வரவில்லையாம். மறுநாள் மாலை சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள். "ஏன் சித்தப்பா மூஞ்சியத் திருப்பிக்கிட்ட?" என்று கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்லாமல், "சாப்பிட்டியா?" என்றாராம். அப்புறம் அவள் நோட்டை எடுத்து, உள்ளே எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தம், கையுறை யார் தருகிறார்கள், பி.எஃப். பிடிக்கிறார்களா, கட்டுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். அவர் இரண்டு மணி நேரம் பேசினார். தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று காட்டினார். "ஏசி ரூம்ல இதெல்லாம் சொல்லவே இல்லண்ணா" என்றாள்.

அந்த ஆலையை அவளுக்கு உண்மையில் சுற்றிக் காட்டியவர் அவர்தான். நமக்கு ஆலையைப் பற்றிச் சொல்லித்தர ஆட்கள் இல்லாமல் இல்லை. நம் தெருவில், நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டு பேருந்தில் ஏறுங்கள். உள்ளே போனதும் சித்தப்பாவைப் பார்த்தால், எல்லார் முன்னாலும் சத்தமாகக் கூப்பிடுங்கள். இந்த முறை அவர் முகத்தைத் திருப்ப மாட்டார்.

ஜெய்பீம்.